கோலிக்குண்டின் வேகத்தைப் பிடிப்பது எப்படி?

கோலிக்குண்டு ஓடும் ரோலர் கோஸ்டர் மாதிரி ஒன்றைச் செய்யப்போகிறோம் என்றதும் வகுப்பில் எழும் முதல் கேள்வி, "மிஸ், தலைகீழாகச் சுற்றும் வளையம் வைக்கலாமா?" முதல் வருடம் நானும் சரி என்றுவிட்டேன். இரண்டு பாடவேளை ஓடிப்போனது. எட்டுக் குழுக்களில் ஒரு குழுவின் கோலிகூட வளையத்தை முழுதாகச் சுற்றவில்லை. மேசைக்கடியில் குண்டு பொறுக்கியதுதான் மிச்சம், நோட்டில் ஒரு எண்கூட இல்லை. அதிலிருந்து வளையம் எங்களுக்குக் கடைசி நாள் வேலை.

ஏசி குழாய்க்கு மேல் மாட்டுவார்களே, கறுப்பு நுரைக்குழாய், அதுதான் பாதை. உள்விட்டம் 19 மி.மீ., நீளம் 180 செ.மீ. இருந்தால் நல்லது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இரண்டு வாய்க்கால் கிடைக்கும். பிளக்கும் வேலையை நீங்களே முந்தின நாள் முடித்துவிடுங்கள். பிளேடைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். இத்துடன் 16 மி.மீ. கோலி, காகித டேப், அளவுநாடா, ஒரு செல்போன் போதும். இரண்டு துண்டுகளை ஒட்டும்போது டேப்பை அடிப்பக்கம் ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் கோலி ஒவ்வொரு இணைப்பிலும் தடுக்கித் துள்ளும்.

முதல் நாள் மேடு பள்ளம் எதுவும் இல்லாத நேரான சரிவு மட்டும். ஒரு பலகைமேல் பாதையை வைத்து, ஒரு முனையை ஒரு சாண் உயர்த்துங்கள். கோலி புறப்படும் இடத்திலிருந்து 10, 40, 90, 160 செ.மீ. தூரங்களில் ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். கோலியைத் தள்ளாமல் விட்டு, அது ஒவ்வொரு குறியைக் கடக்கும்போதும் வகுப்பே கைதட்டட்டும். குறிகளுக்கு நடுவே இடைவெளி 10, 30, 50, 70 என்று விரிந்துகொண்டே போகிறது. கைதட்டலோ தாளம் பிசகாமல் விழும். சம நேரத்தில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண் வரிசையில் வளரும் என்று கலிலியோ கண்டது இதைத்தான். இவ்வளவு சிறிய நேரத்தை அளக்க அவர் கையில் ஸ்டாப்வாட்ச் இல்லை, ஒழுகும் தண்ணீரை எடைபோட்டு நேரம் பார்த்தார். வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதைச் சொல்லும் முடுக்கம் என்ற சொல்லை நான் இந்தக் கைதட்டலுக்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதுவேன்.

அடுத்தது வேகத்தை எண்ணாகப் பிடிப்பது. பெரும்பாலான வகுப்புகள் சறுக்குவது இங்கேதான். பாதையின் தலையை 80 செ.மீ. உயரத்தில் கட்டி, அடியில் ஒரு தட்டையான பகுதி விட்டு, அதில் 50 செ.மீ. குறித்துக்கொள்கிறோம். அந்த 50 செ.மீ.யைக் கோலி ஏறத்தாழ 0.2 விநாடியில் தாண்டிவிடும். கண் பார்த்து விரல் அழுத்தவே அவ்வளவு நேரம் ஆகும்! ஆகவே ஸ்டாப்வாட்ச் காட்டுவது கோலியின் நேரம் அல்ல, பிள்ளையின் விரல் நேரம். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒரே ஓட்டத்தை மூன்று பேர் அளக்கட்டும். எண்கள் மூன்றும் மூன்று திசையில் நிற்கும்போது யார் சரி என்று ஒரு சண்டை வரும், வரட்டும்.

சண்டை ஓய்ந்ததும் செல்போனை எடுங்கள். ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 ஃபிரேம் என்று வைத்து, பாதைக்கு நேர் எதிரே இரண்டு மீட்டர் தள்ளி ஆடாமல் நிறுத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் வேண்டும்; டியூப்லைட்டில் படம் மினுக்கும். கோலி முதல் குறியைத் தொடும் ஃபிரேமிலிருந்து கடைசிக் குறி வரை எண்ண வேண்டும். எங்களுக்கு 48 ஃபிரேம் வந்தது. 48-ஐ 240-ஆல் வகுத்தால் 0.2 விநாடி; 0.5 மீட்டரை அதனால் வகுத்தால் விநாடிக்கு 2.5 மீட்டர். ஃபிரேம் எண்ண வசதி இல்லாவிட்டால், ஓடும் வீடியோவை ஸ்டாப்வாட்ச்சில் அளந்து 8-ஆல் வகுக்கலாம். 240 ஃபிரேமை 30 ஆக ஓட்டும் போன்களுக்கு மட்டும் இது சரி. ஒவ்வொரு உயரத்துக்கும் ஐந்து ஓட்டம், நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உயரத்தை மட்டும் மாற்றுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். 20 செ.மீ.யில் விட்டபோது எங்களுக்கு 100 ஃபிரேம், அதாவது விநாடிக்கு 1.2 மீட்டர். உயரம் நான்கு மடங்கானால் வேகமும் நான்கு மடங்காகும் என்று வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பந்தயம் கட்டியிருந்தார்கள். ஆனது இரண்டு மடங்குதான். வேகத்தின் வர்க்கம்தான் உயரத்தோடு சேர்ந்து ஏறுகிறது.

உராய்வே இல்லாமல் வழுக்கி வந்தால் 80 செ.மீ.க்கு விநாடிக்குக் கிட்டத்தட்ட 4 மீட்டர் வர வேண்டும். நமக்கு வந்தது 2.5. ஆற்றல் கணக்கில் பார்த்தால் 40 சதவீதம்தான் முன்னோக்கிய ஓட்டமாகக் கைக்கு வந்திருக்கிறது. மீதி எங்கே? கோலி உருளவும் வேண்டுமே. சமதளத்தில் வழுக்காமல் உருளும் திண்மக் கோளத்தின் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்கே போய்விடும். நுரையின் வாய்க்காலில் இன்னும் கொஞ்சம் கூடலாம். எஞ்சியதை அமுங்கும் நுரையும் உராய்வும் சத்தமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. "அப்போ பிழை இல்லையா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இல்லை, அதுவும் ஓர் அளவீடுதான்.

போன் இல்லாத வகுப்புக்கு ஒரு குறுக்குவழி உண்டு, சொல்லப்போனால் எனக்குப் பிடித்ததே இதுதான். பாதையின் தட்டையான முனையை மேசை விளிம்பில் நிறுத்தி, கோலியைக் கீழே பாய விடுங்கள். தரையில் வெள்ளைத்தாள், அதன்மேல் கார்பன் தாள். விளிம்பிலிருந்து நூலில் கல் கட்டித் தொங்கவிட்டால் நேர் கீழ்ப்புள்ளி தெரியும். 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ 0.39 விநாடி ஆகும், கோலி எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் அது மாறாது. கறுப்புப் புள்ளி 90 செ.மீ. தள்ளி விழுந்திருந்தால், விளிம்பை விட்டபோது வேகம் விநாடிக்கு 2.3 மீட்டர். நேரத்தை யாரும் அளக்கவே இல்லை என்பதுதான் அழகு. பாதை முனை துளி மேல்நோக்கி இருந்தாலும் கணக்கு கெடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வளையம். 12 செ.மீ. ஆரம் எடுத்தால் உச்சியில் கோலிக்கு விநாடிக்கு 1.1 மீட்டராவது வேண்டும், இல்லாவிட்டால் பாதையை விட்டு விழுந்துவிடும். இழப்பில்லாமல் உருளும் கோளத்துக்குத் தொடக்க உயரம் ஆரத்தைப் போல் 2.7 மடங்கு, அதாவது 32 செ.மீ. போதும். நுரைப்பாதையில் எங்களுக்கு 50-ஐத் தாண்டியது. ஒவ்வொரு குழுவும் உயரத்தை முதலில் எழுதிவைத்துவிட்டுத்தான் கோலியைத் தொட வேண்டும் என்பது என் விதி.

வட்டத்தைக் கொஞ்சம் நீட்டி நீர்த்துளி வடிவமாக்கிப் பார்க்கவும் விடுங்கள். 1976-இல் கலிபோர்னியாவில் திறந்த ரெவல்யூஷன் கோஸ்டரின் வளையம் அந்த வடிவம்தான். வளைவின் ஆரம் உச்சியில் சிறியது, அடியில் பெரியது. அதனால் வண்டி அடியைக் கடக்கும்போது அழுத்தம் குறைந்து, உட்கார்ந்திருப்பவர் முதுகெலும்பு தப்பிக்கும். நம் கோலிக்கு முதுகெலும்பு இல்லை, ஆனாலும் போன தடவை நீர்த்துளி வளையம் கட்டிய குழுதான் முதலில் கூச்சல் போட்டது.