பாலைவனத்துல வெள்ள அபாய மேப் போடுறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 நவம்பர் 25 அன்னிக்கு சவுதியில ஜெத்தாவுல நாலு மணி நேரத்துல சுமார் 90 மில்லிமீட்டர் மழை கொட்டுச்சு, அந்த ஊருக்கு அது வருஷம் பூரா பெய்யறதை விட ஜாஸ்தி, நூறு பேருக்கு மேல இறந்துட்டாங்க. ரொம்ப அடி வாங்கின குவைஸா ஏரியா, வாதி கவ்ஸ்ங்கற காட்டாறு வர்ற வழியிலயே இருக்கு (வாதின்னா மழை பெஞ்சா மட்டும் தண்ணி ஓடற காஞ்ச ஆறு). வருஷக்கணக்கா காஞ்சு கிடக்குதேன்னு ஆத்துப்படுகைய காலிமனையா நினைச்சு பிளாட் போடறதுதான் முதல் தவறு, எனக்கு இதுதான் மன்னிக்கவே முடியாததா தெரியுது.

அடுத்தது, ஊருக்குள்ள பெய்யற மழைய மட்டும் பாக்கறது. தண்ணி வர்றது மலையிலேருந்து, அங்க வெறும் பாறை, செடிகொடி கிடையாது, பெய்யறது உள்ள இறங்காம அப்படியே வழிஞ்சு ஓடி வந்துடும். 1997 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல அரிசோனாவுல ஆன்டிலோப் பள்ளத்தாக்குல 11 பேர் இறந்தது பல மைல் தள்ளி பெஞ்ச மழையால.

மேப் போடறவங்க அதிகமா சறுக்கறது மலையடிவாரத்துல. ஆறு மலைய விட்டு வெளிய வர்ற இடத்துல கல்லையும் மண்ணையும் கொட்டி விசிறியா பரப்பி வச்சிருக்கும், அங்க அது ஒரே தடத்துல ஓடாது, ஒரு வெள்ளத்துல கொண்டுவந்த மண்ணே பழைய தடத்தை அடைச்சுடும், அடுத்த வெள்ளம் வேற பக்கம் பிச்சுக்கிட்டு போகும். அதனால இப்ப இருக்கற ஓடைக்கு ரெண்டு பக்கமும் கோடு இழுத்து மிச்சமெல்லாம் சேஃப்னு எழுதாதீங்க, விசிறி முழுக்க அபாயம்தான். ஃப்ரீயா கிடைக்கற 30 மீட்டர் சாட்டிலைட் டேட்டாவுல (ஒரு புள்ளியே 30 மீட்டர் அகலம்) சின்ன ஓடைங்க தெரியவே தெரியாது, நேர்ல போய் பாருங்க, பழைய வெள்ளத்துல கரையில ஒதுங்கின குப்பை, கல்லு எவ்ளோ உயரத்துல இருக்குன்னு அளங்க, அங்கயே இருக்கற வயசானவங்கள கேளுங்க.

நூறு வருஷ வெள்ளம்னா நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்றது இல்ல, ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்பு, 30 வருஷத்துல பாத்தா கிட்டத்தட்ட 26 சதவீதம். ஜெத்தாவுலயே 2011 ஜனவரியில திரும்பவும் பெரிய வெள்ளம் வந்துச்சு.

டேம் கட்டியாச்சுன்னு கீழ இருக்கற இடத்தை அபாய லிஸ்ட்லேருந்து எடுக்கறதும் தப்பு, 2023 செப்டம்பர்ல லிபியாவுல டெர்னாவுக்கு மேல இருந்த ரெண்டு அணையும் உடைஞ்சு ஆயிரக்கணக்கான பேர் போயிட்டாங்க.

வளைகுடாவுல இருக்கற நம்மாளுங்க லீவு நாள்ல மழை பாக்க வாதிக்கு வண்டிய விடாதீங்க. ஓடற தண்ணி ஒரு அடி இருந்தாலே சின்ன காரை இழுத்துடும், எமிரேட்ஸ்ல 2023லேருந்து வெள்ளம் ஓடற வாதிக்குள்ள வண்டி விட்டா 2000 திர்ஹாம் ஃபைன், லைசென்ஸ்ல 23 பிளாக் பாயின்ட், வண்டியையும் 60 நாள் பிடிச்சு வச்சுடுவாங்க.