நாட்டுக் கரிசாலை கேட்டால் கிடைப்பது எது? வேலூர்த் தோட்டங்களில் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள்

நர்சரியில் ‘மஞ்சள் கரிசாலை’ கேட்டு வாங்கும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது. அந்தப் பெயரில் பரவலாகக் கைமாறுவது அமெரிக்க வெப்பநாட்டுப் படர்செடி. அதுவும் நம் நாட்டு மஞ்சள் கரிசாலையும் ஒரே பேரினம், இரண்டுக்கும் மஞ்சள் பூ, அதனால்தான் குழப்பம். பூவை விடுங்கள், இலையைப் பாருங்கள். வெளிநாட்டுச் செடியின் இலை தடித்துப் பளபளக்கும், இருபக்கமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி மூன்று பிரிவாகத் தெரியும். நம்முடையது ஒடுங்கி நீண்ட இலை, மடல் கிடையாது, விரலால் தடவினால் சொரசொரக்கும், பூவும் சிறியது. கீரையாகச் சமைக்கிறவர்கள் இதைப் பார்க்காமல் பறிக்கவே கூடாது.

தெரியாமல் வைத்துவிட்டால் பிடுங்கி ஏரிக்கரையிலோ குப்பைமேட்டிலோ வீசாதீர்கள். ஒரு கணு மண்ணில் பட்டால் போதும், வேர்விட்டு வாய்க்கால் கரை முழுக்க அதுவே மூடிக்கொள்ளும். மொட்டைமாடியில் பரப்பி, தண்டு ஒடித்தால் படக்கென்று முறியும்வரை காயவிட்டு அப்புறம் உரக்குழியில் போடுங்கள்.

இதே மாதிரி இன்னொன்று: தானாக முளைத்த பார்த்தீனியக் கன்றை மாசிபத்திரி என்று நினைத்து வளர்ப்பது. மாசிபத்திரி இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு போல இருக்கும், கசக்கினால் மணக்கும். பார்த்தீனியத்துக்கு இரண்டும் இல்லை. பூக்கும்முன் கையுறை போட்டு வேரோடு எடுங்கள். தோல் அரிப்பு சும்மா விடாது.

புதர்ச்செடி தேடுவோருக்கு ஒரு வார்த்தை. இந்தக் குடும்பத்தில் சமவெளிக்கு ஏற்ற நாட்டுப் புதர் குறைவு. ஆளுயரம் வேண்டுமென்றால் மாசிபத்திரிதான் கைகொடுக்கும்.

விதைப்பில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வெள்ளைக் கரிசாலை விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைப்பு. அரை அங்குலம் மண் போட்டு மூடினால் அவ்வளவுதான். சின்ன ஊதாப் பூ பூக்கும் நெய்ச்சட்டிக்கீரைக்கும் அதே கதை. ஒரு பங்கு விதைக்கு ஐந்து பங்கு மணல் கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்தி, பூவாளியால் அல்லாமல் ஸ்பிரேயரால் நனையுங்கள். தூவுமுன் சில விதைகளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தட்டையாக நசுங்கினால் உள்ளே பருப்பு இல்லை.

கொட்டைக்கரந்தையை ஆடியில் விதைத்துவிட்டு மழையைக் குறை சொல்வதும் உண்டு. நெல் அறுத்த வயலிலும் தண்ணீர் வற்றும் ஏரியிலும் முளைக்கிற செடி அது. மார்கழி கடைசியில் சேறான தொட்டியில் தூவி, மூன்று வாரம் ஈரம் காயாமல் பாருங்கள். ஊதா உருண்டைப் பூக்கள் பங்குனி வாக்கில் வரும்.

யானைச்சுவடிக்கு நிழல் வேண்டும். அதற்காக ஜவ்வாது மலைக் காப்புக்காட்டில் போய்த் தோண்டி வராதீர்கள், சட்டப்படி குற்றம், விதையில் தொடங்குங்கள்.

உரம்? நெய்ச்சட்டி மாதிரிக் காட்டுப்பூக்களுக்கு செம்மண் மூன்று சட்டி, மணல் ஒரு சட்டி, மக்கிய தொழுவுரம் அரைச் சட்டி. அதற்கு மேல் போட்டால் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து சாயும், அசுவினி ஏறும், பூ குறையும். ஆற்றுமணலுக்குப் பதில் எம்-சாண்ட் என்றால் இரண்டு முறை கழுவித் தூளை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தொட்டி சிமெண்ட் மாதிரி இறுகும். உப்பு போர்த் தண்ணீர் ஊற்றி மண்மேல் வெள்ளைப் படலம் கட்டினால் மேல்மண் ஒரு விரல் அளவு சுரண்டிவிட்டு, மழைத்தண்ணீர் கிடைக்கிற நாளில் தொட்டியடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள்.