நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு: இனி கைக்கு ஓய்வு, காலுக்கு வேலை

போன ஐப்பசியில் கோயமுத்தூரில் எனக்கு பைபாஸ் ஆனது, வயசு 68. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு "அசையாமப் படுத்துக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதினைந்து நாள் கழித்து வந்தவர்களோ, இன்னும் அடுப்படிக்குப் போகலையா என்கிற மாதிரி பார்த்தார்கள். ரெண்டுமே தப்பு. கால் நடக்கணும், கை சும்மா இருக்கணும், ரெண்டு மாசத்துக்கு இதுதான் கணக்கு. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் பேச்சையே கேளுங்கள்.

முதலில் கட்டிலை விட்டு எழுந்திருக்கப் பழகணும். நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, கடைசியில் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள், அது கூடிவர 6 முதல் 8 வாரம், சிலருக்கு 12 வாரம்கூட ஆகும். கையை ஊன்றி எழுந்தால் இழுப்பு அந்த எலும்புக்குத்தான் போகும். அதனால் முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தமும் ஒரே கட்டையாக ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள், அந்தப் பாரத்திலேயே மேலுடம்பு எழும்பிவிடும். ஒரு நிமிஷம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்றால் எழலாம். என் மருமகள் பாவம், அக்கறையாக "எந்திரிங்கத்தை" என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள், நான் போட்ட சத்தத்தில் தோட்டத்து நாயே குரைத்தது.

இருமல், தும்மல் வந்தால் சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். காரில் போகும்போதும் அதே தலையணை, சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில். மூன்று பந்து போட்ட மூச்சுக் கருவி கொடுத்திருப்பார்கள், அதை ஊதக்கூடாது, உறிஞ்சணும். நான் ரெண்டு நாள் ஊதிக்கொண்டிருந்துவிட்டு, பந்து ஏறவே மாட்டேங்குதே என்று கருவியைக் குறை சொன்னேன்.

அப்புறம் நடை. முதல் வாரம் ஒரு தடவைக்கு 5 நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, வாசலுக்குள்ளேயே போதும். தினமும் ஒரு நிமிஷம் அதிகமாக நடங்கள். வேகம் சரிதானா என்று பார்க்க, கூட வருபவரிடம் ஊர்க்கதை பேசிப் பாருங்கள், பேச்சு திணறினால் மெதுவாகப் போகணும். சாப்பிட்ட உடனேயும் உச்சி வெயிலிலும் வேண்டாம். "நெஞ்சில் ஆபரேஷன் பண்ணினா காலில் எதுக்குத் தையல்?" என்று கேட்பார்கள். காலிலிருந்தும் ரத்தக்குழாய் எடுத்துத்தான் இதயத்தில் மாற்றுப்பாதை போடுகிறார்கள். 1967-இல் இதை அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் செய்து பரவலாக்கியவர் ரெனே ஃபவலோரோ, அர்ஜென்டினாவில் கிராமத்து டாக்டராக இருந்தவர். அந்தக் கால் வீங்கும், உட்காரும்போது உயர்த்தி வையுங்கள்.

இப்போது கை. எனக்குச் சொன்ன அளவு, 4 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. தண்ணிக்குடம் 15 கிலோ, பேரன் அதைவிட அதிகம். சீமாறு கனமில்லையே என்பீர்கள், ஆனால் வாசல் கூட்டும்போது குனிந்து இழுக்கிறோமே, அதுதான் ஆகாது. முதுகுப்பக்கம் கை கொண்டுபோய்க் கொக்கி மாட்டுவதும் வேண்டாம். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மார்பு தொங்கினால் தையல் இழுத்து வலிக்கும். முன்பக்கம் கொக்கி வைத்த, இறுக்காத பருத்தி பாடி ரெண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ராத்திரியும் போட்டுக்கொள்ளலாம்.

பசி இருக்காது. அரிசிம்பருப்புச் சோறு குழைவாக, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் மறந்துவிடுங்கள், உப்பு நீரைச் சேர்க்கும். காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள், ஒரே நாளில் 1 கிலோவோ வாரத்தில் 2 கிலோவோ ஏறினால் டாக்டருக்கு போன் போடணும். தையலில் சீழ், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நெஞ்செலும்பு அசைந்து 'டக்' என்று சத்தம், இதெல்லாம் வந்தாலும் அன்றைக்கே. மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மூன்றாவது வாரம் காரணமே இல்லாமல் அழுகை வந்தது எனக்கு. இது பலருக்கும் வரும், மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எட்டாவது வாரம் டாக்டர் சரி என்றதும், தூக்குப்போசியில் ஒரு லிட்டர் பாலோடு சொசைட்டி வரைக்கும் நடந்து போனேன். குடம் இன்னும் மருமகளிடம்தான் இருக்கிறது, கேட்டால் "விடுங்கத்தை, நானாச்சு" என்கிறாள்.