அரத்துக்கு முன்னால் பி.பி. மீட்டர்: நான்கு சக்கர ரேஸ் வண்டிக்கு டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கட்டும் முறை

கிருஷ்ணகிரியில் என் பட்டறைக்கு இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வரும் தம்பிகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: "போர்ட்டைத் தேய்த்துக் கொடுங்கள் அண்ணா." போர்ட் என்பது சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளை. அதைத் தேய்த்துப் பெரிதாக்குவது கடைசி வேலை. காற்று ஒழுகும் இன்ஜினில் போர்ட்டைப் பெரிதாக்கினால், அது சீக்கிரம் சாகும் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

வெளிநாட்டு ஏடிவி (மண், மேடு பள்ளத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி) பந்தயங்களில் யமஹா பான்ஷீ பெரிய பெயர்; இரட்டை சிலிண்டர், 347 சிசி, தண்ணீரால் குளிர்வது. நம் ஊரில் பைப் சட்டம் அடித்து நான்கு சக்கரம் மாட்டுகிறவர்களுக்கு வாய்த்தது யமஹா ஆர்எக்ஸ் 135 பைக்கின் இன்ஜின். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 58 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ., 132 சிசி, காற்றால் குளிர்வது. கட்டும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். சட்டமும் ஸ்டீயரிங்கும் வெல்டர் பாடு. அதில் நான் தலையிடுவதில்லை.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் பெட்டியான கிராங்க் கேஸ்தான் கலவையை உறிஞ்சித் தள்ளும் பம்ப். அதன் ஆயில் சீல் மேக்னெட் பக்கம் கசிந்தால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலிந்துவிடும் (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது), பிஸ்டன் உருகும். கிளட்ச் பக்கம் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். இதைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் டயல் வைத்த பி.பி. மீட்டர் போதும். சைலன்சர் வாயைப் பழைய டியூப் ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். கார்புரேட்டர் வாயை அடைக்கும் தகட்டில் ஒரு டியூப் வால்வைப் பொருத்தி, அதில் பி.பி. மீட்டரை இணையுங்கள். பிளக் மாட்டியிருக்க வேண்டும், பிஸ்டன் கீழே இருக்க வேண்டும். முள் 300ஐத் தொடும்வரை பல்பை அமுக்குங்கள். அது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. ஒரு நிமிடத்தில் 50க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிவிடும். இதில் தேறாத இன்ஜினை நான் மேற்கொண்டு தொடுவதில்லை.

சிலிண்டரைக் கடைந்து போர் போடும்போது பிஸ்டனை லேத்காரரிடம் கையில் கொடுத்து, அதை அளந்து போடச் சொல்லுங்கள். மண் பாதையில் வேகம் குறைவு, காற்று போதாது, சூடு அதிகம்; ஆகவே பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே 0.05 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி வேண்டும். போர் முடிந்ததும் போர்ட்டுகளின் ஓரக் கூர்மையைக் கட்டாயம் மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிங் அதில் மாட்டி முறியும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலை இது.

அடுத்து, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஹெட்டை மாட்டியபின் பிளக் துளை வழியாக ஈயக் கம்பியைச் சிலிண்டர் சுவர் வரை நுழைத்து, கிராங்க்கை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கம்பி, பிஸ்டனைக் கனெக்டிங் ராடுடன் இணைக்கும் பின் (pin) கிடக்கும் திசையிலேயே இருக்கட்டும். குறுக்கே வைத்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் அளவு காட்டும். நசுங்கிய நுனியை வெர்னியரில் பாருங்கள். 1 மி.மீ. இருந்தால் நல்லது. 0.8க்குக் கீழே போகவேண்டாம்.

இப்போது அரம். ஏடிவி கனமான வண்டி. அதற்கு வேண்டியது இழுவை, உச்ச வேகம் அல்ல. கிராங்க்கின் ஒரு சுற்றான 360 டிகிரியில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் 190 டிகிரி, கலவையை மேலே ஏற்றும் டிரான்ஸ்ஃபர் போர்ட் 126 டிகிரி திறந்திருந்தால் போதும். டிகிரி தகட்டைக் கிராங்க்கில் மாட்டி அளக்காமல் கண்மதிப்பில் தேய்க்கிறவரிடம் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் அதிகம் போனால் திரும்ப ஒட்ட முடியாது. எக்ஸாஸ்ட் போர்ட்டின் அகலத்தில் பேராசை கூடாது: 58 மி.மீ. போருக்கு 38 மி.மீ.யைத் தாண்டினால் ரிங் வெளியே பிதுங்கும்.

நடுவில் பெருத்து இரு முனையிலும் கூம்பாகக் குறுகும் எக்ஸ்பான்ஷன் சைலன்சர் எவ்வளவு நீளம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எக்ஸாஸ்ட் டிகிரியை 42,500ஆல் பெருக்கி, எந்த ஆர்பிஎம்மில் முழு சக்தி வேண்டுமோ அதனால் வகுக்க வேண்டும். 190 டிகிரி, 8,500 ஆர்பிஎம் என்றால் 950 மி.மீ. பிஸ்டன் முகத்திலிருந்து பின்கூம்பின் நடுப்பகுதி வரையான நீளம் இது. மற்றதெல்லாம் தகரவேலை.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகான ஜெட்டில்தான் நம் பகுதிக்காரர்கள் ஏமாறுகிறார்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 500ஐ ஒட்டியவை. கீழே காற்று சுமார் 5 சதவீதம் அடர்த்தி கூடும். ஓசூரில் கச்சிதமாக அமைத்த ஜெட், மலையிறங்கி வந்ததும் கலவையை மெலிய வைக்கிறது. சித்திரை வெயிலில் காற்று சூடாகி இந்த வித்தியாசம் பாதி மறைந்துவிடும்; அப்போது தப்பித்தவன் ஜெட் சரிதான் என்று நினைத்துக்கொள்வான். தை மாதக் குளிர்காலையில் தருமபுரியில் ஓட்டினால் பிஸ்டன் இறுகிப்போகும். எனவே ஓடப்போகும் இடத்தில், ஓடப்போகும் நேரத்தில், அடுத்த பெரிய மெயின் ஜெட்டில் தொடங்குங்கள். புது பிளக் மாட்டி, முழு திராட்டிலில் ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்துக் கிளட்சைப் பிடித்து நிறுத்துங்கள். பீங்கானின் அடியில் பழுப்பு வளையம் தெரிந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் ஜெட்டைக் கூட்டுங்கள். வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஹெட்டைக் கழற்றுங்கள்.

பிளக் எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. என்ஜிகே பிராண்டில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவது. பாஷ் பிராண்டில் எண் குறைந்தால்தான் குளிர்ந்தது. ரேஸுக்கு ஒரு படி குளிர்ந்தது போதும்.

ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டால் லிட்டருக்கு 33 மில்லி டூடி (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான) ஆயிலைக் கலந்து ஊற்றுங்கள். பயந்துபோய் ஆயிலைக் கூட்டினால் பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை மெலியும், ஜெட்டையும் கூட்டவேண்டி வரும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கும் ஜெட் சற்றுப் பெரிதாகவே வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் ஓட்டி முடித்த அன்றே டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். வடித்ததை வீட்டு ஸ்கூட்டரில் ஊற்றவேண்டாம், அதில் ஆயில் இருக்கிறது. மாந்தோப்புக்கு மருந்தடிக்கும் டூ ஸ்ட்ரோக் பவர் ஸ்பிரேயர் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.