ஒடுங்கு பண்பு: எங்கே, எப்படி எழுத வேண்டும்?

ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே வகை அல்லீலாக, அதாவது அம்மரபணுவின் ஒரே மாற்று வடிவமாக, அமைந்தால் மட்டுமே வெளிப்படும் பண்பை ஒடுங்கு பண்பு என்கிறோம். மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில், நெட்டையும் குட்டையும் கலந்து பிறந்த முதல் தலைமுறைச் செடிகள் அனைத்தும் நெட்டையாகவே வளர்ந்தன. அவற்றின் அடுத்த தலைமுறையிலோ 787 நெட்டைச் செடிகளும் 277 குட்டைச் செடிகளும் கிடைத்தன.

இச்சொல்லை 'வலுவற்றது' என்றோ 'அரிதானது' என்றோ பொருள்படும்படி எழுதக் கூடாது. 'ஓ' இரத்த வகை ஒடுங்கு பண்பாக இருந்தும் உலகில் மிகப் பரவலாகக் காணப்படுவதே இதற்குப் போதிய சான்று.

நோயைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952இல் கண்டறியப்பட்ட அரிவாள் செல் மரபணுவை எடுத்துக்கொள்வோம். நோய் என்ற அளவில் அது ஒடுங்கு பண்புதான். ஆனால் ஒரு பிரதியை மட்டும் பெற்றவரின் சிவப்பணுக்களில் இயல்பானதும் அரிவாள் வகையுமான இருவகை ஹீமோகுளோபினும் உருவாவதால், அந்த நிலையில் அதை இணை ஓங்குதன்மை (இரு அல்லீல்களும் ஒருங்கே வெளிப்படுவது) என்றே குறிப்பிட வேண்டும். அத்தகையவரை 'நோயாளி' என எழுதுவது பிழை மட்டுமன்று, திருமணப் பேச்சு வரை அவரைத் துன்புறுத்தக்கூடிய அநீதியும் ஆகும். 'மரபணுவைச் சுமப்பவர்' என்பதே தகும். பெற்றோர் இருவரும் அவ்வாறு சுமப்பவர்களாயின், 'நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு நோய் வரும்' என்று எழுதாமல், 'ஒவ்வொரு கருவுறுதலிலும் 25 சதவீத வாய்ப்பு உண்டு' என்று எழுதுங்கள்.