விரலை ஒட்டும், உடைந்ததை ஒட்டாது: இன்ஸ்டன்ட் க்ளூவில் நாம் செய்யும் தவறுகள்

5 ரூபாய் ட்யூபைப் பல்லால் கடித்துத் திறக்கிறோமே, முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. வாய் எப்போதும் ஈரமாகவே இருக்கும் இடம். இந்தப் பசை இறுகுவதற்குத் தேவைப்படுவதும் ஈரம்தான். உதட்டில் ஒரு சொட்டு பட்டால் போதும், அன்றைய பொழுது வெதுவெதுப்பான தண்ணீரோடு போய்விடும். ஒரு குண்டூசியோ கத்தரிக்கோலோ தேடி எடுக்க அரை நிமிடம்கூட ஆகாது.

இந்த ஈர விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்ற தவறுகளில் பாதி தானாகவே விலகிவிடும். மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை காய்கிறது. அதிலுள்ள தண்ணீர் போய்விட, மிச்சமிருப்பது பிடித்துக்கொள்கிறது. இன்ஸ்டன்ட் க்ளூ அப்படிக் காய்வதில்லை. அது சயனோஅக்ரிலேட் என்ற திரவம். எந்தப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் ஈரம் படிந்திருக்கும். அது பட்டதும் இந்தத் திரவத்தின் மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாகி இறுகிவிடுகின்றன. 1942-இல் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய அமெரிக்க வேதியியலாளர் ஹாரி கூவர், இதைக் கையில் எடுத்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கினார். தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியதே காரணம். 1951-இல் அவருடைய குழுவில் ஒருவர் இதே திரவத்தைச் சோதிக்கப்போய் ஒரு கருவியின் இரண்டு பட்டகங்கள் ஒட்டிக்கொண்டன. அப்போதுதான் இது தொல்லை இல்லை, பசை என்று உறைத்தது. 1958-இல் விற்பனைக்கு வந்தது.

ஈரம் பொருளின் மேற்பரப்பில்தானே இருக்கிறது? அதனால் பசைப்படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சீக்கிரமாகவும் உறுதியாகவும் இறுகும். நாமோ நேர்மாறாகச் செய்கிறோம். கோந்து போடுகிற பழக்கத்தில் தாராளமாகப் பிழிகிறோம். நடுவில் இருக்கும் பசைக்கு ஈரம் எட்டுவதில்லை. ஓரம் இறுகி, உள்ளே பிசுபிசுவென்று கிடக்கிறது. ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு சொட்டு போதும். இரண்டு முகங்களும் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அரம் போட்டோ உப்புத்தாள் தேய்த்தோ பொருத்திவிட்டுத்தான் பசையைத் தொட வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்க் காற்றில் இது சட்டென்று பிடித்துவிடும். ஏசி அறையின் வறண்ட காற்றில் தாமதிக்கும். அப்போது ஒட்டப்போகும் முகத்தில் ‘ஹா’ என்று ஒரு முறை மூச்சுவிட்டுவிட்டுப் பசை போட்டால் சரியாகிவிடும். பசை போட்ட பிறகு குனிந்து ஊதாதீர்கள், அதன் ஆவி கண்ணில் எரியும். பத்து இருபது நொடியில் கை எடுக்கலாம் என்றாலும் முழு பலம் வர ஒரு நாள் ஆகும். ஒட்டியதும் இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு முறை விட்டுப்போன ஒட்டின் மேலேயே இன்னொரு முறை பிழிவது அடுத்த தவறு. பழைய பசை கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கிறது. புதுப் பசை அதைத்தான் பிடிக்கும், பொருளைப் பிடிக்காது. சுரண்டி, தேய்த்து, அசலான பரப்பு வெளியே தெரிந்த பிறகுதான் மறுபடி ஒட்ட வேண்டும். அசிட்டோன் தடவினால் பழையது இளகும். ஆனால் விமானம், கார் என்று சிறிதாகச் செய்யும் மாடல்களில் வரும் பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் வகைகளையும் அசிட்டோன் சேர்த்தே கரைத்துவிடும். உலோகத்துக்கும் பீங்கானுக்கும் சரி, மாடலுக்கு வேண்டாம்.

இனி எந்தப் பக்கம் இழுபடுகிறது என்ற கேள்வி. பட்டறை ரிப்பேர்களில் மிக அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான் என்பது என் கணிப்பு. இந்தப் பசைக்கு நேராக இழுக்கும் விசையைத் தாங்க நல்ல பலம் உண்டு. ஓரத்திலிருந்து உரித்தாலோ ஒரு தட்டு தட்டினாலோ பொசுக்கென்று விட்டுவிடும். இறுகிய பசைக்கு வளையத் தெரியாது. நடக்கும்போதெல்லாம் வளைகிற செருப்பின் அடியை இதைப் போட்டு ஒட்டினால் தெருமுனை தாண்டாது. அதற்குச் செருப்புத் தைப்பவர் பூசும் ரப்பர் பசைதான் சரி.

பீங்கான் கோப்பையின் கைப்பிடியை நான் ஒட்டிய கதையும் இதுதான். ஒட்டு அற்புதமாக இருந்தது, கோடுகூடத் தெரியவில்லை. நாலாவது நாள் காபியோடு மடியில் விழுந்தது. யோசித்துப் பார்த்தால் விழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். சாதாரண வகை 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தளரத் தொடங்கும். காபி ஏறக்குறைய அந்தச் சூடு. தினமும் கழுவும் தண்ணீர் ஒட்டை மெல்ல அரிக்கும். போதாததற்குக் கைப்பிடி என்பது நெம்புகோல், முழு எடையும் ஒரு ஓரத்தை உரிக்கப் பார்க்கிறது. மூன்று பலவீனங்களும் ஒரே இடத்தில். அந்தக் கோப்பை இப்போது பென்சில் வைக்கப் பயன்படுகிறது.

பாரம் தாங்க வேண்டிய ஒட்டுக்கு மாடல் செய்பவர்களிடம் ஒரு வழி இருக்கிறது. இரண்டு முகங்களிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போட்டு, நடுவே பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டுவார்கள். பலத்தைக் கம்பி பார்த்துக்கொள்ளும், கம்பி நகராமல் பசை பார்த்துக்கொள்ளும். ரெசின் பொம்மையின் கை, விமானத்தின் சக்கரக் கால் எல்லாம் இப்படித்தான் நிற்கின்றன. இடைவெளி பெரிதாகவோ அதிர்வு அதிகமாகவோ இருந்தால் இரண்டு ட்யூபைக் கலந்து போடும் எபாக்சிக்குப் போய்விடுவதே நல்லது.

எதில் ஒட்டாது என்பதற்கு ஒரு எளிய அடையாளம் பசை பாட்டிலேதான். அது பாலிஎதிலீன், அதனால்தான் உள்ளே இருக்கும் பசை அதைப் பிடிப்பதில்லை. வீட்டு பக்கெட், மக், டப்பா பெரும்பாலும் பாலிஎதிலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். அடியில் முக்கோணத்துக்குள் 2, 4, 5 என்ற எண்களில் ஒன்று இருந்தால் அதற்கென்று விற்கும் பிரைமர் என்ற முன்பூச்சு இல்லாமல் ஒட்ட முயல வேண்டாம். இதையே சாதகமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். கழுவித் துடைத்த பால் பாக்கெட் கவரை மேசையில் விரித்து, அதன் மேல் இரண்டு சொட்டு விட்டு, ஊசி முனையால் தொட்டுத் தொட்டு வையுங்கள். ட்யூபிலிருந்து நேரடியாகப் பிழிவதைவிடப் பத்து மடங்கு சுத்தமாக வரும்.

தெர்மாகோல் இன்னொரு பொறி. சாதாரண வகை அதை அரித்துப் பள்ளமாக்கிவிடும். பள்ளிக்கூட ப்ராஜெக்ட் செய்யும் முதல் நாள் இரவு இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர். தெர்மாகோலைத் தொடாத வாசனையற்ற வகை ஹாபி கடைகளில் கிடைக்கும், விலை கொஞ்சம் கூடுதல்.

ஹாபி கடைக்குப் போனால் தின், மீடியம், திக் என்று கேட்பார்கள். தண்ணீர் மாதிரி ஓடும் தின் வகையை முதலில் தடவிவிட்டுப் பிறகு பாகங்களைச் சேர்க்கக் கூடாது. பாகங்களைச் சேர்த்துப் பிடித்துவிட்டு, இடுக்கின் ஓரத்தில் ஒரு சொட்டைக் காட்டினால் தானே உள்ளே ஓடிவிடும். பால்சா மரத்துக்கு அருமையான வகை. மறுபக்கம் அதே இடுக்கின் மேல் உங்கள் விரல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாடல் கிட்டின் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கைச் சேர்க்க அதற்கென்றே உள்ள கரைப்பான் சிமென்ட் என்ற பசைதான் மேல், அது இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். பித்தளைத் தகடு, ரெசின் போன்றவற்றுக்கு இன்ஸ்டன்ட் க்ளூவுக்கு நிகரில்லை.

ஆசையாகச் செய்த மாடல் விமானத்தின் கண்ணாடி மறுநாள் காலையில் வெள்ளை பூத்திருக்கும். இறுகாத பசையின் ஆவி பக்கத்துப் பரப்புகளில் படிந்து அங்கேயே இறுகுவதால் வருவது அது. காவல்துறையின் தடயவியல் பிரிவு இதே ஆவியை மூடிய பெட்டிக்குள் நிரப்பித்தான் பொருட்களில் இருக்கும் கைரேகையை வெள்ளையாக வெளியே கொண்டுவருகிறது. அவர்களுக்கு வரம், நமக்குச் சாபம். பசையைக் குறைத்து, மின்விசிறிக் காற்றை மெல்ல ஓடவிட்டால் பெருமளவு தவிர்க்கலாம். மூக்குக்கண்ணாடி ஃபிரேமை ஒட்டுபவர்கள் லென்ஸைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

இடைவெளியை நிரப்ப ஆப்ப சோடாவைத் தூவிப் பசை விடும் வித்தை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அது வேலை செய்யும். சோடாவின் காரத்தன்மை பசையைக் கண நேரத்தில் கல்லாக்கிவிடுகிறது. ஒரேயடியாகக் குவித்துப் போட்டால் சூடும் ஆவியும் கிளம்பும், மெல்லிய அடுக்குகளாகப் போட வேண்டும். அப்புறம், தேய்ப்பதை மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். அதற்குள் அந்த இடம் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, உப்புத்தாள் பக்கத்து இடத்தைத்தான் தின்னும்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. மேசையில் கொட்டிய பசையைப் பழைய பனியன் துணியால் துடைத்தேன். சில நொடிகளில் துணி புகைந்தது, விரலில் கொப்புளம் வந்தது. பருத்தி நூலுக்குப் பரப்பு மிக அதிகம். பசை முழுவதும் ஒரே நேரத்தில் இறுக, அந்த வெப்பம் சுடும் அளவுக்கு ஏறிவிடுகிறது. பஞ்சு, பருத்திக் கையுறை, கம்பளி எதுவும் வேண்டாம். உடையில் கொட்டினால் உடனே உடம்பை விட்டுத் துணியை விலக்குங்கள்.

விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பென்சிலை உருட்டுவது போல மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் உதவும், ஆனால் கண்ணுக்கும் வாய்க்கும் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போவதுதான் வழி, இமையை இழுத்துத் திறக்கவே கூடாது. கண் சொட்டு மருந்து என்று நினைத்துப் பசையை விட்டுக்கொண்டவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். மருந்து அலமாரியில் இதை வைக்காதீர்கள். வெட்டுக்காயத்தை இதை வைத்து ஒட்டும் வீரமும் வேண்டாம். மருத்துவமனையில் பயன்படுத்துவது இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வகை, கடைச் சரக்கு இல்லை.

மிச்சத்தைப் பத்திரப்படுத்துவதும் ஈரக் கதைதான். திறக்காத பாட்டில் குளிர்சாதனப் பெட்டியில் நீண்ட நாள் கெடாமல் இருக்கும். திறந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில், புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நிமிர்த்தி வையுங்கள். குளிரிலிருந்து எடுத்ததும் திறந்தால் உள்ளே நீர் கோத்துப் பசை கெட்டுவிடும், அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். 5 ரூபாய் ட்யூபுக்கு இந்த உபசாரமெல்லாம் தேவையில்லை. ஒட்ட வேண்டியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவைத்து, திறந்த அன்றே ஒட்டிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாம்.