படம் கலங்கினால் கண்ணாடியைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்

சொந்தமாகத் தொலைநோக்கி கட்ட 16 அங்குலக் கண்ணாடியைக் கையால் தேய்த்து, குழாய், பெட்டி எல்லாம் செய்து முடித்து வியாழனைப் பார்த்தால், அது பஞ்சுருண்டை மாதிரி தெரிகிறது. தேய்த்ததில்தான் கோளாறு என்று உடனே கண்ணாடியைக் கழற்றி மறுபடி பாலிஷ் போடக் கிளம்புகிறார்களே, அதுதான் பெரிய தவறு. கோளாறு பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும்.

முதலில் வெப்பத்தைப் பாருங்கள். தடித்த கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர மணிக்கணக்கில் ஆகும். அதுவரை அதன் முகத்திலிருந்து எழும் சூடான காற்று படத்தைக் குலைக்கும். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை ஃபோகஸிலிருந்து சற்று விலக்குங்கள். வட்டத்துக்குள் காற்று மெல்ல நெளிந்து ஏறினால் கண்ணாடி இன்னும் ஆறவில்லை. பின்னால் சின்ன மின்விசிறி ஒன்று போதும். ஆறிய பிறகும் வட்டம் முழுக்கப் படபடத்தால் அது வானத்தின் வேலை, காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது கொலிமேஷன், அதாவது கண்ணாடிகளை ஒரே நேர்கோட்டில் ஒழுங்குபடுத்துவது. அதற்குப் பயன்படும் லேசரைக் கண்மூடி நம்பாதீர்கள். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸைச் செருகும் ஃபோகஸரில் வைத்து மெல்லச் சுழற்றும்போது அதன் ஒளிப்புள்ளி அடியிலுள்ள பெரிய, முதன்மைக் கண்ணாடியில் வட்டம் போட்டால், லேசரே கோணல். அதை வைத்துச் சரிசெய்வது எல்லாவற்றையும் கெடுக்கும். இன்னொரு தவறு: தொலைநோக்கி தலைக்கு மேல் பார்க்கும்போது மட்டும் சரிபார்த்துவிட்டு விடுவது. குழாயைத் தாழ்த்தியும் பாருங்கள். புள்ளி நகர்ந்தால் கண்ணாடி அதைத் தாங்கும் தொட்டிலில் வழுக்குகிறது, அல்லது குழாய்ச் சட்டத்தின் கம்பிகள் வளைகின்றன. எஃப்/4 கண்ணாடியில் (குவியத் தூரம் விட்டத்தைப் போல 4 மடங்கு) பார்வைப் புலத்தின் ஓரத்து நட்சத்திரங்கள் வால் முளைத்துத் தெரிவது பிழையே அல்ல. பரவளையத்தின் இயல்பு அது.

பெரிய கண்ணாடிகளில் நிறையப் பேர் தடுமாறும் இடம் பிடிப்பு. விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கிளிப்புகளை இறுக்குகிறார்கள். கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, நட்சத்திரம் முக்கோணமாகிறது. கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி விடுங்கள். கிளிப் கண்ணாடி கவிழாமல் தடுத்தால் போதும், எடையை அடியில் இருக்கும் 9 அல்லது 18 தாங்குபுள்ளிகள் சுமக்கட்டும்.

நட்சத்திரம் முட்டை வடிவமாகி, ஃபோகஸின் மறுபக்கம் போனதும் 90 டிகிரி திரும்பினால் அது அஸ்டிக்மாட்டிசம், அதாவது வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாத கோளாறு. அப்போதும் கண்ணாடி மேல் பாயாதீர்கள். தலையைச் சாய்த்துப் பாருங்கள்: முட்டையும் சாய்ந்தால் கோளாறு உங்கள் கண்ணில். இல்லையென்றால் முதன்மைக் கண்ணாடியைத் தொட்டிலில் கால்வட்டம் திருப்பி வைத்து, கொலிமேஷனைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். முட்டை கூடவே திரும்பினால்தான் கண்ணாடியில் பிழை. அசையாமல் நின்றால் தொட்டிலையோ, ஒளியை ஃபோகஸருக்குத் திருப்பும், அழுத்தி ஒட்டப்பட்ட சின்னச் சாய்வுக் கண்ணாடியையோ பாருங்கள்.

ஃபோகஸே கிடைக்கவில்லையா? நீளத்தைக் குறைக்கக் கம்பிகளை அறுப்பதற்கு முன் ஐபீஸை எடுத்துவிட்டு, நிலாவின் பிம்பம் எங்கே விழுகிறது என்று ஒரு டிரேசிங் தாளில் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் தாண்டி கண்ணாடிதான் காரணம் என்றால், சரி. ஆனால் ஒரே சோதனையின் பேச்சைக் கேட்டு மறுபடி தேய்க்காதீர்கள். 1990-ல் ஏவப்பட்ட ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடி ஓரத்தில் சுமார் 2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாக இருந்தது. தவறாகப் பொருத்திய ஒரு சோதனைக் கருவியை நம்பி, பிழையைக் காட்டிய மற்ற சோதனைகளை ஒதுக்கிவிட்டார்கள். கத்தி முனையால் ஒளியை மறைத்துக் கண்ணாடியின் வளைவைப் பார்க்கும் ஃபூக்கோ சோதனையையும், ஃபோகஸிலிருந்து விலக்கிப் பார்க்கும் நட்சத்திரச் சோதனையையும் ஒப்பிடுங்கள். ஓரம் மட்டும் சரிந்திருந்தால் தேய்க்கவே வேண்டாம், கருப்பு அட்டை வளையத்தால் மறைக்கலாம். 400 மி.மீ. கண்ணாடியில் சுற்றிலும் 5 மி.மீ. மறைத்தால் இழப்பது சுமார் 5 சதவீத ஒளிதான்.